லிஸ்ப் திட்டத்துக்கு ஒரு டிர்-லோக்கல்ஸ் கோப்பு

பைத்தானில் உள்தள்ளல் மொழி இலக்கணத்தின் ஒரு பகுதி. சி மொழியில் நான்கு இடமா எட்டு இடமா என்று குழு ஒருமுறை பேசி முடித்தால் போதும். லிஸ்ப் மொழிக் குடும்பத்தில் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. இங்கே ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்பது, அடைப்புக்குறிக்குப் பின் வரும் முதல் சொல் என்ன என்பதைப் பொறுத்தது. அந்தச் சொல் சாதாரண ஃபங்ஷன் என்றால் மற்ற உள்ளீடுகள் முதல் உள்ளீட்டுக்கு நேர்கீழே வரிசையாக நிற்கும். அதுவே உடல்பகுதி உள்ள மேக்ரோ (நிரலை உருவாக்கித் தரும் நிரல்துண்டு) என்றால், உடல் இரண்டு இடம் மட்டும் தள்ளி நிற்கும். மொழியோடு வரும் மேக்ரோக்களை எடிட்டருக்குத் தெரியும். உங்கள் திட்டத்தில் போன வாரம் எழுதிய மேக்ரோவை யாராவது சொன்னால்தான் தெரியும்.

சொல்லாமல் விட்டால் ஒரே கோப்பை இருவர் திருத்தும்போது ஒவ்வொரு கமிட்டிலும் பாதி வரிகள் வெறும் இடைவெளிக்காக மாறிக்கொண்டிருக்கும். உண்மையான மாற்றம் அதற்குள் தொலைந்துபோகும். அதனால்தான் லிஸ்ப் திட்டத்தில் எடிட்டர் அமைப்புகளை நிரலோடு சேர்த்தே ரெப்பாசிட்டரியில் வைக்கிறோம். மேக்ரோவின் வடிவம் நிரலைப் பற்றிய தகவல். அதைத் தனிமனித ரசனையின் கணக்கில் எழுதக்கூடாது.

இமாக்ஸ் எடிட்டரில் இதற்கான வழி, திட்டத்தின் வேர்க் கோப்புறையில் ‘.டிர்-லோக்கல்ஸ்.எல்’ என்ற கோப்பு. 2009-இல் வந்த இமாக்ஸ் 23 முதல் இது இருக்கிறது. இந்தக் கட்டுரையில் மாறிகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், சிறிய எழுத்தாகவே தட்டச்ச வேண்டும்.

லிஸ்பின் கிளைமொழியான ஸ்கீமில் எழுதும் திட்டத்துக்குப் போதுமான சின்னக் கோப்பு இப்படி இருக்கும் (நில் என்றால் ‘இல்லை’, டி என்றால் ‘ஆம்’):

((ஸ்கீம்-மோட்
  . ((இண்டென்ட்-டாப்ஸ்-மோட் . நில்)
     (ஃபில்-காலம் . 78)
     (இவால் . (புட் 'வித்-லாக் 'ஸ்கீம்-இண்டென்ட்-ஃபங்ஷன் 1)))))

வெளியே ஒரு பட்டியல். அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு ஜோடி: இடப்பக்கம் மோட் (அந்தந்த மொழிக்கான எடிட்டர் நடத்தை) பெயர், வலப்பக்கம் மாறியும் மதிப்புமாக ஒரு பட்டியல். மோட் பெயருக்குப் பதில் நில் என்று போட்டால் எல்லா மோடுகளுக்கும் பொருந்தும். மேற்கோளுக்குள் ஒரு துணைக் கோப்புறையின் பெயரைப் போட்டால், அந்தக் கோப்புறைக்கு மட்டும் தனி விதிகள் எழுதலாம்.

புள்ளியும் மேற்கோள் குறியும்

இந்தக் கோப்பு லிஸ்ப் போலத் தெரிந்தாலும் இமாக்ஸ் இதை இயக்குவதில்லை, தரவாக வாசிக்கிறது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, மதிப்பின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி. க்ளோஷர் மொழிக்கான சைடர் தொகுப்பின் ‘சைடர்-டிஃபால்ட்-சிஎல்ஜேஎஸ்-ரெப்ல்’ மாறிக்கு ஷேடோ என்ற குறியீட்டைக் கொடுக்க வேண்டுமென்றால் வெறும் ஷேடோ என்று எழுத வேண்டும். இனிட் கோப்பில் (இமாக்ஸ் தொடங்கும்போது இயக்கும் உங்கள் சொந்தக் கோப்பு) எழுதிப் பழகிய கை மேற்கோள் குறியையும் சேர்த்துவிடும். அப்போது மதிப்பு ஷேடோ ஆகாது. ‘கோட்’ என்ற சொல்லும் ஷேடோவும் அடங்கிய இரட்டை உறுப்புப் பட்டியல் ஆகிவிடும். மேலே காட்டிய எடுத்துக்காட்டில் புட் வரிக்குள் மேற்கோள் குறி வருவதற்குக் காரணம், இவால் என்ற சாவியின் வலப்பக்கம் மட்டும்தான் உண்மையிலேயே இயக்கப்படுகிறது என்பது.

இரண்டாவது, புள்ளிக்குப் பின்னால் இடைவெளி விடாமை. ‘ஃபில்-காலம் .78’ என்று ஒட்டி எழுதினால் இமாக்ஸ் அதை 0.78 என்ற தசம எண்ணாக வாசிக்கும். ‘இண்டென்ட்-டாப்ஸ்-மோட் .நில்’ என்று ஒட்டினால் புள்ளியில் தொடங்கும் புதிய குறியீடு ஒன்று பிறக்கும். மாறியின் மதிப்பு அந்தக் குறியீட்டைக் கொண்ட பட்டியலாகும். பட்டியல் என்றால் ‘உண்மை’, அதாவது டாப் எழுத்தை நிறுத்தப் போய் இயக்கிவிடுவீர்கள். நல்லவேளையாக இவ்விரண்டு மாறிகளுக்கும் வகைச் சோதனை உண்டு. எதிர்பார்த்த வகை இல்லாததால் ‘இது பாதுகாப்பற்ற மதிப்பு’ என்று இமாக்ஸ் கேட்கும். வரி நீளத்தைச் சொல்லும் ஃபில்-காலம் போன்ற எளிய மாறிக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் முதலில் புள்ளியைப் பாருங்கள். புள்ளிக்குப் பின் நேரே அடைப்புக்குறி வந்தால் இடைவெளி இல்லாமலும் சரியாக வாசிக்கப்படும். ஆனாலும் எப்போதும் இடைவெளி விடும் பழக்கமே நல்லது.

மூன்றாவது, ஓர் அடைப்புக்குறி குறைவது. இதுதான் மோசமானது, ஏனென்றால் சத்தமே வராது. இமாக்ஸ் பிழையை விழுங்கிக்கொள்ளும். நீங்கள் திறந்த நிரல் கோப்பு எந்த அமைப்பும் இல்லாமல் வழக்கம்போலத் திறக்கும். அமைப்புகள் மொத்தமாகக் காணவில்லை என்றால் முதலில் அடைப்புக்குறிகளின் கணக்கைப் பாருங்கள். கையால் எழுதத் தயக்கமாக இருந்தால் ‘ஆட்-டிர்-லோக்கல்-வேரியபிள்’ என்ற கட்டளை மோட், மாறி, மதிப்பு மூன்றையும் கேட்டு வாங்கிச் சரியான இடத்தில் எழுதிவிடும்.

எந்த மோடின் கீழ் எழுதுவது

டாப் எழுத்து லிஸ்ப் நிரலில் ஏன் தொல்லை என்பது தெளிவு. உள்ளீடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் இடம் 13 ஆகவும் இருக்கலாம், 22 ஆகவும் இருக்கலாம். நான்கின் மடங்காக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இமாக்ஸின் இயல்பு அமைப்பில் எட்டு இடங்களை ஒரு டாபாக மாற்றி மீதியை இடைவெளியால் நிரப்பும். டாபை நான்கு இடமாகக் காட்டும் வேறொரு எடிட்டரிலோ இணையப் பக்கத்திலோ அதைத் திறந்தால் வரிசை கலைந்துவிடும். எனவே இண்டென்ட்-டாப்ஸ்-மோட் நில் என்பது முதல் வரி.

அதை நில் சாவியின் கீழ் போடுவதுதான் பலரும் செய்வது. அங்கே ஒரு பொறி உண்டு: திட்டத்தில் ஒரு மேக்ஃபைல் இருந்தால் அதற்கும் அந்த விதி போகும். மேக்ஃபைல் மோட் தனக்கு டாப் வேண்டுமென்று அமைத்துக்கொண்ட பின்னர்தான் டிர்-லோக்கல்ஸ் மதிப்புகள் வந்து அமர்கின்றன. மேக்ஃபைலோ டாப் இல்லாவிட்டால் ஓடாது. ப்ராக்-மோட் கீழ் மாற்றினாலும் தப்பிக்க முடியாது, மேக்ஃபைல்-மோடும் ப்ராக்-மோடின் வழிவந்ததே. லிஸ்ப் மோடின் பெயரிலேயே எழுதுங்கள். அல்லது மேக்ஃபைல்-மோடுக்குத் தனியாக ‘டி’ என்று எழுதிவிடுங்கள்.

மோடுகளின் வம்சாவளி தெரிந்திருந்தால் வரிகள் குறையும். க்ளோஷர்-மோட் என்று எழுதினால் க்ளோஷர்ஸ்க்ரிப்ட் கோப்புகளும் இரண்டுக்கும் பொதுவான கோப்புகளும் அடங்கிவிடும். ஆனால் காமன் லிஸ்புக்கான லிஸ்ப்-மோட் என்று எழுதினால் இமாக்ஸ்-லிஸ்ப்-மோட் அடங்காது. இரண்டுக்கும் பொதுவான மூதாதை லிஸ்ப்-டேட்டா-மோட். அது இமாக்ஸ் 28-இல் வந்தது. ஸ்கீம்-மோட் இவற்றுக்கு உறவில்லை, நேரே ப்ராக்-மோடிலிருந்து வருகிறது.

தேடல் எங்கே நிற்கிறது

ஒரு கோப்பைத் திறந்ததும் இமாக்ஸ் அந்தக் கோப்புறையில் தொடங்கி மேல்நோக்கிப் போய், முதலில் கண்ணில் படும் டிர்-லோக்கல்ஸ் கோப்போடு நின்றுவிடும். அதற்கும் மேலே இன்னொன்று இருந்தால் அது சேராது. பெரிய ரெப்பாசிட்டரியில் வேரில் ஒன்று வைத்துவிட்டு, டெஸ்ட் கோப்புறைக்கு இரண்டே வரிகளோடு தனியாக ஒன்று வைத்தால், டெஸ்ட் கோப்புகளுக்கு வேரின் விதிகள் எல்லாம் போய்விடும். துணைக் கோப்புறைக்கு மாற்று விதி வேண்டுமென்றால் வேர்க் கோப்பிலேயே கோப்புறைப் பெயரைச் சாவியாக வைத்து எழுதுவதே சரியான வழி.

இதற்கு ஒரே விதிவிலக்கு, அதே கோப்புறையில் வைக்கும் ‘.டிர்-லோக்கல்ஸ்-2.எல்’. 2018-இல் வந்த இமாக்ஸ் 26 முதல் இது முதல் கோப்போடு சேர்த்து வாசிக்கப்படுகிறது. இரண்டிலும் ஒரே மாறி இருந்தால் இதன் மதிப்பே நிற்கும். உங்கள் கணினிக்கு மட்டும் உரிய பாதைகள், உங்களுக்குப் பிடித்த மைனர் மோடுகள் எல்லாம் இதற்குள் போக வேண்டும். கோப்பின் பெயரை கிட் இக்னோரில் சேர்த்துவிடுங்கள். குழுவின் கோப்பில் தனிமனிதரின் ஹோம் பாதை நுழைவது இந்த வழியை அறியாததால்தான்.

தொலைக் கணினியில் உள்ள கோப்பை ட்ராம்ப் வழியாகத் திறந்தால் தேடலே நடக்காது. வேகத்துக்காக இயல்பாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். ‘எனேபிள்-ரிமோட்-டிர்-லோக்கல்ஸ்’ மாறியை டி ஆக்கினால் நடக்கும்.

உள்தள்ளல் எண், அதன் கசிவு

இப்போது மையமான விஷயத்துக்கு வருவோம். புட் வரியில் கடைசியாக வரும் எண், மேக்ரோவின் முதல் எத்தனை உள்ளீடுகள் ‘தலைப்பகுதி’ என்பதைச் சொல்கிறது. அவை புதிய வரிக்கு வந்தால் நான்கு இடம் தள்ளி நிற்கும். அதற்குப் பிறகு வருபவை எல்லாம் உடல், இரண்டு இடம். வித்-லாக் மேக்ரோ ஒரு பூட்டையும் அதற்குப் பின் உடலையும் எடுத்தால் எண் 1. பெயர், மாறிப் பட்டியல், உடல் என்று எடுத்தால் 2. தலைப்பகுதியே இல்லாமல் எல்லாமே உடல் என்றால் 0. எண்ணுக்குப் பதில் டிஃபன் என்ற குறியீட்டைக் கொடுத்தால் வரையறைகளைப் போல நடத்தும்.

இதை நன்றாகப் பயன்படுத்தியிருக்கும் இடத்தைப் பார்க்க விரும்பினால் க்னூ கிக்ஸ் ரெப்பாசிட்டரியின் டிர்-லோக்கல்ஸ் கோப்பைப் படியுங்கள். கைல் ஸ்கீமில் எழுதிய பெரிய திட்டம் அது. மாடிஃபை-ஃபேஸஸ் 1, சப்ஸ்டிட்யூட் நட்சத்திரம் 1, எம்லெட் 2, பேக்கேஜ் 0, ஆரிஜின் 0 என்று நீண்ட வரிசை இருக்கிறது. பேக்கேஜ் வரையறையில் நேம், வெர்ஷன் முதலிய புலங்கள் அடுத்தடுத்த வரிகளில் வரும். எண் எதுவும் சொல்லாவிட்டால் அவை அடைப்புக்குறியிலிருந்து ஒரே இடம் தள்ளி நிற்கும். 0 என்று சொன்னதால் இரண்டு இடம். பல்லாயிரம் பேக்கேஜ் வரையறைகள் ஒரே வடிவத்தில் இருப்பதற்கு இந்தச் சின்ன எண்ணும் ஒரு காரணம்.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. ஃபில்-காலம் போன்ற மாறி அந்த பஃபருக்குள் (எடிட்டரில் திறந்திருக்கும் கோப்புக்குள்) மட்டும் மாறுகிறது. புட் அப்படியில்லை. அது குறியீட்டின் மீது ஒரு பண்பை எழுதுகிறது. குறியீடு இமாக்ஸ் முழுவதற்கும் பொது. கிக்ஸ் கோப்பு ஒன்றைத் திறந்துவிட்டு, அதே இமாக்ஸில் வேறொரு ஸ்கீம் திட்டத்துக்குப் போங்கள். அங்கே பேக்கேஜ் என்ற பெயரில் ஒரு சாதாரண ஃபங்ஷன் இருந்தால் அதன் உள்ளீடுகளும் மேக்ரோவின் உடல்போல் இரண்டு இடத்தில் வந்து நிற்கும். இரண்டு திட்டங்கள் ஒரே பெயருக்கு வெவ்வேறு எண் சொன்னால், கடைசியாகத் திறந்த கோப்பு எந்தத் திட்டத்தினுடையதோ அதுவே செல்லும். காலையில் சரியாக இருந்த உள்தள்ளல் மாலையில் மாறியதற்குக் காரணம் தேடி அலைபவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். கோப்பை மீண்டும் திறப்பதோ, வரியை அழிப்பதோ பண்பை நீக்காது. அதே புட் வரியை நில் என்ற மதிப்போடு ஒருமுறை இயக்க வேண்டும், அல்லது இமாக்ஸை மூடித் திறக்க வேண்டும்.

சிண்டாக்ஸ் அட்டவணையிலும் இதே கதைதான். கிக்ஸில் ஜி-எக்ஸ்ப்ரெஷன்களுக்காக டில்டே குறியை மேற்கோள் முன்னொட்டாக எண்ணும்படி ‘மாடிஃபை-சிண்டாக்ஸ்-என்ட்ரி’யை இவாலில் அழைக்கிறார்கள். அடைப்புக்குறிகளைச் சமநிலையில் வைக்கும் பாரெடிட் அந்தக் குறிக்குப் பின் வேண்டாத இடைவெளி விடாமல் இருப்பதற்காக. அந்த அழைப்பு மாற்றுவது ஸ்கீம்-மோடின் அட்டவணையை; அந்த மோடில் திறந்த எல்லா பஃபர்களும் அதையே பகிர்கின்றன.

எளிய தீர்வு, திட்டத்துக்கு ஒரு தனி இமாக்ஸ். டீமன் விருப்பத்துக்கு ஒரு பெயர் கொடுத்துத் தொடங்கினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். நினைவகச் செலவு பெரிதல்ல.

ஒரே இமாக்ஸில் வேண்டுமென்றால் கொஞ்சம் வேலை உண்டு, செய்யத் தகுந்த வேலை. உங்கள் இனிட் கோப்பில், பெயரையும் எண்ணையும் ஜோடிகளாக வைக்கும் ஒரு மாறியை உருவாக்குங்கள். அதற்குப் பாதுகாப்புச் சோதனையாக ‘ஒவ்வொரு ஜோடியின் வலப்பக்கமும் எண்தானா’ என்று பார்க்கும் ஃபங்ஷனைக் கொடுங்கள். பிறகு ஸ்கீம்-மோட் ஹூக்கில் (மோட் தொடங்கும்போது ஓடும் ஃபங்ஷன்களின் பட்டியல்) ‘லிஸ்ப்-இண்டென்ட்-ஃபங்ஷன்’ மாறியை பஃபர் அளவில் உங்கள் சொந்த ஃபங்ஷனுக்குத் திருப்புங்கள். அந்த ஃபங்ஷனுக்கு இரண்டு உள்ளீடுகள் வரும்: உள்தள்ள வேண்டிய இடம், பாகுபடுத்திய நிலை. உள்ளே நுழைந்ததும் தற்போதைய நெடுவரிசை எண்ணைக் (கர்சர் வரியில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதை) குறித்துக்கொள்ள வேண்டும். நிலையின் 1-ஆம் உறுப்பு, உள்ளடக்கும் அடைப்புக்குறியின் இடம். அதற்கு அடுத்த எழுத்திலிருந்து சொல்லை வாசித்துப் பட்டியலில் தேடுங்கள். கிடைத்தால் ‘லிஸ்ப்-இண்டென்ட்-ஸ்பெக்ஃபார்ம்’ ஃபங்ஷனுக்கு எண், நிலை, இடம், குறித்துவைத்த நெடுவரிசை எண் நான்கையும் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் இமாக்ஸோடு வரும் ஸ்கீம்-இண்டென்ட்-ஃபங்ஷனிடம் விட்டுவிடுங்கள். இதன்பின் திட்டக் கோப்பில் இவால் தேவையே இல்லை, ஒரு பட்டியல் மட்டும் போதும். குறை ஒன்றுதான்: குழுவில் எல்லோர் இனிட் கோப்பிலும் இந்தத் துண்டு இருக்க வேண்டும். பொதுவில் பகிரும் திட்டத்துக்கு அது நடக்காத காரியம், அங்கே புட்டே வழி.

இணைந்திருக்கும்போது ஒரு வடிவம், இல்லாதபோது ஒன்று

இமாக்ஸ் லிஸ்பில் மேக்ரோவின் வரையறைக்குள்ளேயே டிக்ளேர் மூலம் உள்தள்ளல் எண்ணைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த வரையறை இமாக்ஸில் ஏற்றப்பட்ட பிறகுதான் அது செயல்படும். புதிதாகத் திறந்த இமாக்ஸில் வெறுமனே கோப்பைத் திருத்தினால் மேக்ரோ இன்னும் பிறக்கவில்லை, உள்தள்ளல் தவறும். டிர்-லோக்கல்ஸில் ஒரு புட் வரி அந்த இடைவெளியை நிரப்பும்.

காமன் லிஸ்பிலும் க்ளோஷரிலும் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். காமன் லிஸ்புக்கான ஸ்லைம் தொகுப்பு, ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்ப் இமேஜிடம் மேக்ரோவின் உள்ளீட்டுப் பட்டியலைக் கேட்டு, ‘பாடி’ என்று குறித்த இடத்திலிருந்து உடல் தொடங்குவதாகத் தானே கற்றுக்கொள்கிறது. சைடர், மேக்ரோவின் மெட்டாடேட்டாவில் ஸ்டைல் இண்டென்ட் என்ற குறிப்பு இருந்தால் அதைப் பின்பற்றுகிறது. தனியாக வேலை செய்பவருக்கு அருமையான வசதி. குழுவில் அது சிக்கல்: ரெப்லோடு (நிரலை உடனுக்குடன் இயக்கிப் பார்க்கும் உரையாடல் முறை) இணைந்தவர் ஒரு வடிவத்தில் சேமிப்பார், இணையாதவர் வேறொரு வடிவத்தில் சேமிப்பார். குழுவுக்கு நிலையான விதி வேண்டுமென்றால் ‘சைடர்-டைனமிக்-இண்டென்டேஷன்’ மாறியை நில் ஆக்கிவிட்டு, திட்டக் கோப்பில் ‘புட்-க்ளோஷர்-இண்டென்ட்’ வரிகளை எழுதுவதையே பரிந்துரைப்பேன். குழுவில் வேறு எடிட்டர் பயன்படுத்துபவர்கள் இருந்தால் அந்த எண்களை, க்ளோஷர் நிரலை வடிவமைக்கும் சிஎல்ஜேஎஃப்எம்டி கருவியின் அமைப்புக் கோப்பிலும் வைத்து, கமிட்டுக்கு முன் அதையே நடுவராக ஓட்டுவது நல்லது. எடிட்டர்-கான்ஃபிக் கோப்பு இதற்கு உதவாது. டாபா இடைவெளியா என்பதைத் தாண்டி மேக்ரோ என்ற ஒன்றை அது அறியாது.

இமாக்ஸ் எப்போது கேட்கும், எப்போது கேட்காது

டிர்-லோக்கல்ஸ் கோப்பில் இவால் இருக்கலாம் என்பதால், யாரோ எழுதிய ரெப்பாசிட்டரியை இறக்கித் திறப்பதே அவர்களின் நிரலை இயக்குவதாகிவிடக் கூடாது. அதனால் இமாக்ஸ் சந்தேகமானவற்றைக் காட்டி அனுமதி கேட்கும். திட்டக் கோப்பை எழுதுபவரின் பொறுப்பு, அந்தக் கேள்வி வராதபடி எழுதுவது. தினமும் கேள்வி வந்தால் மனிதர்கள் படிக்காமலே ‘ஒய்’ தட்டப் பழகிவிடுவார்கள். பாதுகாப்பு அங்கேயே போய்விடும்.

கேட்காமல் விடும் இவால் வகைகள் உண்டு. லிஸ்ப்-இண்டென்ட்-ஃபங்ஷன், ஸ்கீம்-இண்டென்ட்-ஃபங்ஷன் பண்புகளுக்கு எண்ணையோ டிஃபனையோ எழுதும் புட் அவற்றுள் ஒன்று. மதிப்பு ஒரு ஃபங்ஷனாக இருந்தால் கேட்கும். பெயர் ‘-மோட்’ என்று முடியும் கட்டளையை உள்ளீடு இல்லாமலோ 1, 0, -1 என்ற உள்ளீட்டோடோ அழைப்பதும் கேட்காது. பாரெடிட்-மோட் 1 என்று இவாலில் எழுதலாம். க்ளோஷர்-மோட் தன் புட்-க்ளோஷர்-இண்டென்ட் அழைப்புக்குத் தானே ஒரு சோதனையைப் பதிந்து வைத்திருக்கிறது, முறையாக எழுதிய அழைப்பு கேள்வியில்லாமல் போகும். காமன் லிஸ்பின் ‘காமன்-லிஸ்ப்-இண்டென்ட்-ஃபங்ஷன்’ பண்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதை எழுதும் புட் கேட்கும்.

இன்னொரு பக்கம், பெயரைப் பார்த்தே ஆபத்து என்று முடிவுசெய்யப்படும் மாறிகள் உண்டு: ‘-ஹூக்’, ‘-ஃபங்ஷன்’, ‘-கமாண்ட்’, ‘-ப்ரோக்ராம்’ என்று முடிபவை. ‘இன்ஃபீரியர்-லிஸ்ப்-ப்ரோக்ராம்’ இதில் மாட்டும். கேள்வி வரும்போது ஆச்சரியக்குறியை அழுத்தினால் மற்ற மாறிகளின் மதிப்புகள் பாதுகாப்பானவை என்று உங்கள் கஸ்டம் கோப்பில் நிரந்தரமாகப் பதியும். ஆபத்தான வகை மட்டும் பதியாது, அடுத்த முறையும் கேட்கும். அதனால் காமன் லிஸ்ப் திட்டத்தில் அந்த மாறியைத் தொடவே வேண்டாம். லிஸ்ப் எந்தப் பாதையில் இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் இனிட் கோப்பின் ‘ஸ்லைம்-லிஸ்ப்-இம்ப்ளிமென்டேஷன்ஸ்’ பட்டியலில் வைத்துக்கொள்ளட்டும். திட்டக் கோப்பு ‘ஸ்லைம்-டிஃபால்ட்-லிஸ்ப்’ எஸ்பிசிஎல் என்று பெயரை மட்டும் சொல்லட்டும். இமாக்ஸ் 30-இல் ‘சேஃப்-லோக்கல்-வேரியபிள்-டைரக்டரீஸ்’ என்ற மாறி வந்திருக்கிறது, நம்பிக்கையான கோப்புறைகளை அதில் சேர்க்கலாம். சொந்தத் திட்டங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ‘எனேபிள்-லோக்கல்-வேரியபிள்ஸ்’ மாறியை ‘:ஆல்’ ஆக்கச் சொல்லும் அறிவுரையை எங்கே பார்த்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

ரெப்லைத் தொடங்கும் அமைப்புகள்

க்ளோஷர் திட்டத்தில் சைடருக்குச் சொல்ல வேண்டியவை பெரும்பாலும் மூன்று. ‘சைடர்-க்ளோஷர்-சிஎல்ஐ-அலியாசஸ்’ மாறியில் ‘:டெவ்:டெஸ்ட்’ போன்ற சரம். டெப்ஸ் கோப்பும் ஷேடோ கோப்பும் ஒன்றாக இருக்கும் திட்டத்தில் எதைக் கொண்டு தொடங்குவது என்பதற்கு ‘சைடர்-ப்ரிஃபர்ட்-பில்ட்-டூல்’. நேம்ஸ்பேஸ்களைப் புதுப்பிக்கும் முன்னும் பின்னும் சிஸ்டத்தை நிறுத்தித் தொடங்க ‘சைடர்-என்எஸ்-ரிஃப்ரெஷ்-பிஃபோர்-எஃப்என்’, ‘ஆஃப்டர்-எஃப்என்’ இரண்டும்.

இவற்றை எழுதியும் பலிக்கவில்லை என்றால், ரெப்லைத் தொடங்கி இணைக்கும் ஜாக்-இன் கட்டளையை எந்த பஃபரிலிருந்து கொடுத்தீர்கள் என்று பாருங்கள். பஃபர் அளவு மாறியின் மதிப்பு, கட்டளை ஓடும் பஃபருக்கு உரியது. ஸ்க்ராட்ச் பஃபரிலிருந்து கொடுத்தால் திட்டக் கோப்பின் நிழல்கூட அங்கே விழாது. திட்டக் கோப்புறையை டைர்டில் (இமாக்ஸின் கோப்புப் பட்டியல்) திறந்து அங்கிருந்து கொடுத்தால், நில் சாவியின் கீழ் உள்ளவை வரும், க்ளோஷர்-மோடின் கீழ் உள்ளவை வராது. ரெப்ல் தொடக்க மாறிகளை மட்டும் நில் கீழ் வைக்க இது நல்ல காரணம்.

ஸ்கீமுக்கான கைசர் தொகுப்புக்கு ‘கைசர்-ஸ்கீம்-இம்ப்ளிமென்டேஷன்’ கைல் என்று சொல்லிவிட்டால், இது எந்த ஸ்கீம் என்று ஒவ்வொரு முறையும் ஊகிக்காது. ‘கைசர்-ரெப்ல்-பெர்-ப்ராஜெக்ட்-பி’ டி என்றால் திட்டத்துக்கு ஒரு ரெப்ல். மாட்யூல்களைத் தேடும் பாதை ‘கைசர்-கைல்-லோட்-பாத்’. மதிப்பு இயக்கப்படாது என்பதால் அங்கே திட்டத்தின் வேரை நேரடியாக எழுத முடியாது. இவாலுக்குள் ‘லொகேட்-டாமினேட்டிங்-ஃபைல்’ கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். அது திருப்பித் தரும் பாதை ஹோம் கோப்புறையை டில்டேவாகச் சுருக்கியிருக்கும். கைலுக்கு டில்டே என்றால் வெறும் எழுத்து. பாதை கிடைக்காமல் ‘மாட்யூல் இல்லை’ என்று நிற்கும். எனவே ‘எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம்’ வழியாக விரித்துக் கொடுங்கள். இந்த இவால் அனுமதி கேட்கத்தான் செய்யும். இதை மட்டும் இரண்டாம் கோப்பில் வைப்பது ஒரு வழி.

மாறியைச் சரியாக எழுதியும் வேறு மதிப்பு வந்தால்

கண்ட்ரோல்-ஹெச் வி கொடுத்து மாறியின் பெயரைச் சொல்லுங்கள். மதிப்பு டிர்-லோக்கல்ஸிலிருந்து வந்திருந்தால், எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைப் பாதையோடு உதவி பஃபர் சொல்லும். அந்த வரி இருந்தும் மதிப்பு வேறாக இருந்தால், கோப்புறை அமைப்புகளுக்குப் பின் ஓடும் ‘ஹேக்-லோக்கல்-வேரியபிள்ஸ்-ஹூக்’கைப் பாருங்கள். மோட் ஹூக் முதலில் ஓடுகிறது, கோப்புறை அமைப்புகள் அதற்குப் பின் அமர்கின்றன. மோட் ஹூக்கில் ஃபில்-காலம் 100 என்று செட்க்யூ எழுதியிருந்தாலும் திட்டம் சொன்ன 78 தான் நிற்கும். சொந்த விருப்பங்களை ‘செட்க்யூ-டிஃபால்ட்’ மூலம் இயல்பு மதிப்பாக வைப்பதே முறை. அப்போது திட்டம் சொன்னால் திட்டத்தினுடையது, சொல்லாவிட்டால் உங்களுடையது. திட்டத்தின் மதிப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தால் மோட் ஹூக் உதவாது, மதிப்பு அப்போது இன்னும் வந்திருக்காது; ‘ஹேக்-லோக்கல்-வேரியபிள்ஸ்-ஹூக்’கில் எழுதுங்கள்.

திட்டக் கோப்பைத் திருத்திச் சேமித்தால் ஏற்கெனவே திறந்துள்ள பஃபர்களுக்கு அது தெரியாது. அந்த பஃபரில் ‘நார்மல்-மோட்’ கட்டளை கொடுங்கள், அல்லது ரிவர்ட் செய்யுங்கள். மாறிகள் சுத்தமாகப் புதுப்பிக்கப்படும்; புட் எழுதிய பண்புகள் மட்டும் பழையபடி இருக்கும்.

சிஐ-யில் சோதிப்பது

விதிகள் கோப்பில் இருப்பதால் அவற்றை மனிதக் கண் இல்லாமலே சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானே ஓடும் சோதனை அமைப்பு) சரிபார்க்கலாம். இமாக்ஸை பேட்ச் விருப்பத்தோடு அழைத்து, நிரல் கோப்பின் பெயரைக் கொடுத்து, இவால் விருப்பத்தில் கோப்பின் தொடக்கம் முதல் முடிவு வரை ‘இண்டென்ட்-ரீஜன்’ ஓட்டி, ‘சேவ்-பஃபர்’ செய்யச் சொல்லுங்கள். அடுத்து கிட் டிஃப் கட்டளையை எக்ஸிட்-கோட் விருப்பத்தோடு ஓட்டினால், ஒரு வரி மாறியிருந்தாலும் சோதனை தோற்கும். ஸ்கீமுக்கும் இமாக்ஸ் லிஸ்புக்கும் இது அப்படியே வேலை செய்யும். க்ளோஷருக்கு க்ளோஷர்-மோடை முதலில் ஏற்ற வேண்டும்.

பேட்ச் முறையில் அனுமதி கேட்க ஆள் இல்லை. அனுமதி தேவைப்படும் வரி ஒன்று இருந்தாலே ‘வேண்டாம்’ என்று பதில் வந்ததாக எடுத்துக்கொண்டு, பட்டியல் முழுவதையும் இமாக்ஸ் சத்தமின்றித் தள்ளிவிடும். மாடிஃபை-சிண்டாக்ஸ்-என்ட்ரி போன்ற ஒரு வரி இருந்தால், எண்ணைக் கொடுத்த புட் வரிகளும் பொருந்தாது. உங்கள் மேஜையில் சரியாக வரும் உள்தள்ளல் சிஐ-யில் மட்டும் மாறி வந்தால், அனுமதி கேட்கும் வரி ஒன்று திட்டக் கோப்பில் இருக்கிறது என்று பொருள். அந்த வரியைக் கண்டுபிடித்து எளிய புட்டாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், அந்த வடிவத்தை மட்டும் ‘சேஃப்-லோக்கல்-இவால்-ஃபார்ம்ஸ்’ பட்டியலில் சேர்க்கும் வரியை சிஐ-யின் அழைப்பில், கோப்பின் பெயருக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் கோப்பு திறந்து முடிந்திருக்கும்.